கூட்டித் தள்ளுன புழுக்கை

பட்டணத்துல சப்பான்காரன் குண்டு போடப்போறான்னு சனமெல்லாம் மூட்ட முடிச்சோட ஊரு திரும்புச்சே, அந்த வருசந்தான். எங்க சித்தப்பா ஒரு தையல் மிசின வண்டியில கட்டிக்கிட்டு வந்து எறங்குனாரு. ஊசி ஒடஞ்சு மாசக்கணக்குல மூலையில கெடந்துச்சு. அது கெடக்கட்டும். அந்த வருசம் ஐப்பசி மழ இல்லாமப் போச்சு, அதத்தான் சொல்ல வந்தேன்.

நார்த்தாமலைக்கு மேக்க மேய்ச்சக்காட்டுல அப்ப நான் செம்மறி மேச்சுக்கிட்டிருந்தேன். முந்துன வருசமே காலேசு வாத்தியார் ஒருத்தர் வந்து, ரெண்டு களம் அகலத்துக்கு எலந்த முள்ளு வேலி போட வச்சாரு.

"ஏப்பா, ரெண்டு மழைக்கு இதுக்குள்ள ஒரு குட்டி கூட நொழையப்படாது. மேஞ்ச எடம் எப்புடி இருக்கு, மேயாத எடம் எப்புடி இருக்குன்னு என் பிள்ளைகளுக்குக் காட்டணும்."

கொழுக்கட்டப்புல்லு எது, ஊசிப்புல்லு எதுன்னு எங்கிட்டக் கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டாரு. படிச்ச மனுசன் என்னயக் கேக்குறாரேன்னு எனக்கு நெஞ்சு நிமுந்துபோச்சு.

மொத மழைக்கு உள்ள புல்லு முழங்காலு ஒசரம் நின்னுச்சு. வாத்தியார் அதப் பாக்கல. பெட்ரோலு கெடைக்காம பஸ்ஸு ஓடாத காலம். அடுத்த மழதான் ஏமாத்திருச்சு. ஈன ஆட்டுக்கு மடியில பாலில்ல, குட்டிக கத்துதுக. பொறுக்க மாட்டாம ஒரு உச்சி வெயில்ல முள்ள ஒதுக்கி ஆட்ட உள்ள விட்டேன். மறுநாளும் விட்டேன். எட்டே நாளுல வேரு தெரிஞ்சுபோச்சு.

அதோட நின்னிருந்தாலும் பரவாயில்ல. ஆவாரங்கொத்த ஒடிச்சு, உள்ள கெடந்த புழுக்கைய ஒண்ணு விடாமக் கூட்டி வெளிய தள்ளுனேன். குளம்புத் தடத்த அழிச்சேன். முள்ள பழயபடி சாத்திட்டேன். கெட்டிக்காரத்தனம்னு நெனப்பு.

தையில வாத்தியார் மாட்டுவண்டியில பிள்ளைகளோட வந்தாரு. வேலியச் சுத்திச் சுத்தி நடந்தாரு. குனிஞ்சு பாத்தாரு. ஒரு பையன் சொன்னான்:

"சார், உள்ளயும் மொட்ட, வெளியயும் மொட்ட. ஒரே ஆளு செரச்சிருப்பாரு போல."

எல்லாரும் சிரிச்சாங்க. அவரு சிரிக்கல.

"உள்ள ஏதும் போச்சாப்பா?"

"இல்லிங்க சாமி."

நம்பிட்டாரு. புழுக்கை இல்ல, தடமில்ல, நம்பாம என்ன செய்வாரு? பிள்ளைக பக்கம் திரும்புனாரு. "ஆடு நொழஞ்ச அடையாளம் இல்ல. போன மழைக்கு மொளச்ச புல்லோட தாளாவது நிக்கணும், அதுவும் இல்ல. இந்த மண்ணு செத்துப்போச்சு. இத வேலி போட்டு மூடி வச்சுப் பிரயோசனம் இல்ல. எழுதிக்கங்க."

எழுதுனாங்க. அத்தன தலையும் குனிஞ்சு எழுதுச்சு. போறப்ப, "நீ நல்லாத்தான் காத்தப்பா"ன்னு அவரு கொண்டாந்த புளிச்சோத்துல பாதிய எனக்குக் குடுத்தாரு. வாங்கித் தின்னேன்.

அடுத்த மழைக்கு அதே எடத்துல புல்லு திரும்ப வந்துச்சு. உள்ளத வாத்தியார்கிட்டச் சொல்லிப்புடணும்னு டவுனுக்கு நடந்தேன். காலேசு வாசல்ல காவக்காரர் யாரப் பாக்கணும்னாரு. ஆடு விக்க வந்தேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். மறுபடி போனப்ப வாத்தியார் வேற ஊரு போயிட்டாருன்னாங்க.

அந்தப் பிள்ளைகள்ல யாராவது பாரஸ்ட்டு ஆபீசரா ஆகியிருப்பாக. எத்தன காட்ட மூட வேணாம்னு சொன்னாகளோ. நீங்க நாலு எடம் போறவங்க. அவுகளயோ அவுக மக்களயோ கண்டா, அந்த மண்ணு சாகலன்னு சொல்லுங்க. மேச்சதும் நாந்தான், கூட்டுனதும் நாந்தான்னு சேத்துச் சொல்லுங்க.