உணர்கொம்பின் கணுக்கள்

ராஜபாளையத்தில், தென்னந்தோப்புகளுக்கு ஒட்டுண்ணிக் குளவி வளர்த்து விற்ற சிறிய மையம் ஒன்றில் ஜரீனா வேலை பார்த்தாள். எறும்பைவிடச் சிறிய குளவி. தென்னையின் கருந்தலைப்புழுவைக் கொட்டி மயக்கி, அதன்மேல் முட்டையிடும். ஜரீனாவின் பொறுப்பில் இருந்தது அந்தக் குளவிக்கு இரையாகும் அந்துப்புழு. உடைத்த கம்பு நிரப்பிய தட்டுகளில் அவற்றை வளர்த்தாள்.

குளவி அறையில் வெள்ளத்தாய். சேத்தூர்க்காரி. புழு வாங்க ஜரீனாவின் வாசல்வரை வருவாள், உள்ளே வரக்கூடாது. ஒரு குளவி நுழைந்தாலும் தட்டு தட்டாகப் புழு சாகும்.

ஜரீனா யாரையும் நம்பமாட்டாள். லென்ஸோடு வாசலில் நிற்பாள்.

"ஏட்டி, குனி."

"பேன் பாக்கத்தான் சம்பளமாக்கா ஒங்களுக்கு?" என்பாள் வெள்ளத்தாய், கனகாம்பரத்தைக் காட்டிக் குனிந்தபடி.

கடைக் கம்பையும் நம்பமாட்டாள். பூச்சி ஏதும் இருந்தால் சாகட்டும் என்று இரண்டு முறை ஓவனில் சூடேற்றிய பிறகே தட்டில் போடுவாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அண்ணன் ஜெய்னுலாப்தீன் வைத்திருந்த தானியக் கடைக் கம்பை மட்டும் அப்படியே கொட்டுவாள். அவன் காயவைத்துப் புடைத்து அனுப்புகிறவன்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஆடியில் தட்டுகளில் புழுக்கள் துவண்டு கிடந்தன. மேலே குளவிகள்.

"அவ பூவுலதான் சார் வந்திருக்கும்" என்றாள் ஜரீனா.

நிர்வாகி வைகுண்டராஜ் வெள்ளத்தாயைக் கூப்பிட்டார். "இந்த வாரத்தோட நின்னுக்கோம்மா."

வெள்ளத்தாய் ஜரீனாவின் வாசலுக்கு வந்தாள். "எங்க ரூம் குளவின்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா? பாத்துச் சொல்லுங்க. பொறவு போறேன்."

காட்டிவிடலாம் என்றுதான் ஜரீனா மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தாள். தட்டிலிருந்து ஒன்று, குளவி அறையிலிருந்து ஒன்று. பெண்ணைப் பெண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் பின்னால் முட்டையிடும் ஊசி இருந்தது. நிறம் ஒன்று, இடுப்பு ஒன்று. உணர்கொம்பில் கணுக்களை எண்ணினாள். தட்டுக் குளவிக்குக் குறைவு. கொம்பு ஒடிந்திருக்குமோ என்று வேறொன்றை வைத்தாள். அதற்கும் குறைவு. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

இது தானியக் கிடங்குகளில் அந்துப்புழுவைத் தேடி வரும் வேறு இனம்.

கம்பு மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அண்ணன் கடை மூட்டையின் தையலோரம் அந்துப்புழு கட்டிய நூலாம்படை. அதற்குள் அதே குளவி. மூட்டையை மறுபடி கட்டிவிட்டுச் சற்று நேரம் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு வைகுண்டராஜிடம் போனாள்.

"வெள்ளத்தாய் ரூம் குளவி இல்ல சார். கம்புல வந்தது."

"எந்தக் கடைக் கம்பு?"

"எங்க அண்ணன் கடை. நாந்தான் சூடு காட்டாமப் போட்டேன்."

வெள்ளத்தாயை அவர் நிறுத்தவில்லை. ஜெய்னுலாப்தீனிடம் வாங்குவதை நிறுத்தினார். அண்ணன் வீட்டில் ஜரீனாவோடு பேச்சும் நின்றது.

புதுக் கம்பு வந்த அன்று, மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டு ஜரீனா புழு அறைக்குத் திரும்பினாள். வாசலில் வெள்ளத்தாய். லென்ஸ் அவள் கையில் இருந்தது.

"முக்காட்ட ஒதறுங்கக்கா. குனிங்க."

ஜரீனா உதறினாள். குனிந்தாள்.

"ஒண்ணுமில்ல. போங்க."

ஜரீனா நகரவில்லை. "அதுக்குள்ளயா? சரியாப் பாத்தியாட்டி?"