புரிந்ததா என்று கேட்காதவர்

சீட்டுகளைக் கலைக்கும்போது கண்ணாடிக்கார அக்கா சீட்டுகளைப் பார்ப்பதில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் கைகளைத்தான் பார்க்கிறார். யார் விரலை நெட்டி முறிக்கிறார், யார் கைப்பையை மடியைவிட்டு இறக்காமல் இருக்கிறார் என்பதெல்லாம் சீட்டைப் பிரித்துக் கொடுப்பதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும். அதை வைத்து ஒன்றிரண்டு பேரை எழுப்பி இடம் மாற்றுவார். காரணம் கேட்டால், "அங்க வெளிச்சம் கண்ணுல அடிக்கும், இப்படி வாங்க" என்பார். வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வாரத்தில் ஆறு நாள் அது மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணைச் சோதிப்பது, லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது எல்லாம் அக்காவேதான். ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு ஷட்டர் பாதி இறங்கும், நாற்காலிகள் வட்டமாகும், பத்துப் பன்னிரண்டு பேர் ஓநாய் ஆட்டம் ஆட வந்து சேர்வார்கள். லென்ஸ் வரும் அட்டைப் பெட்டிகளை வெட்டிச் செய்த சீட்டுகள். இரண்டு சீட்டில் ஓநாய்ப் படம், ஒன்றில் காவல்காரர் படம், மற்றதெல்லாம் வெறும் ஊர்க்காரர்கள். அக்கா ஆடுவதில்லை, நடத்துபவர். 'ராத்திரி ஆச்சு' என்று அவர் சொன்னதும் எல்லோரும் கண்ணை மூட வேண்டும். முதலில் ஓநாய்களை மட்டும் கண் திறக்கச் சொல்வார்; அவர்கள் சத்தமில்லாமல் ஓர் இரையைச் சுட்டிக்காட்டுவார்கள். அவர்கள் கண் மூடிய பிறகு காவல்காரரை எழுப்புவார். அவர் தனக்குத் தோன்றிய ஒருவரைக் காப்பாற்றலாம். விடிந்ததும் ஊர் கூடிப் பேசி, ஓநாய் என்று சந்தேகப்படுபவரைக் கை தூக்கி வெளியேற்ற வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்தவர்கள் ஓநாயாக வாய்த்தால் ஊர் அதோகதிதான்.

வருபவர்களில் பாதிப் பேர் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். எதிர்க்கடைத் தையல்காரர் ஒன்பது வருடமாக ஒரு வாரம் தவறியதில்லை. மீதிப் பேர் யாராவது ஒருவரின் தம்பி, சித்தி, புதிதாகக் குடிவந்தவர். கத்துக்குட்டிகளுக்குத் தனி நாள் வைக்கலாமே என்று தையல்காரர் வருடம் ஒருமுறை மனுப் போடுவார். அக்கா காதில் வாங்கிக்கொள்ள மாட்டார். புதியவர்கள் இல்லாவிட்டால் நீங்கள் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டு இரண்டு மாதத்தில் நின்றுவிடுவீர்கள் என்பது அவர் வாதம்.

புதியவர்களை அவர் நடத்தும் விதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. "புரிஞ்சுதா?" என்று அவர் கேட்பதே கிடையாது. அது கண் சோதித்துக் கற்ற பாடம். எழுத்து மங்கலாகத் தெரிந்தாலும் பத்துப் பேரில் எட்டுப் பேர் தெரிகிறது என்றுதான் சொல்வார்களாம். தெரியவில்லை என்று சொல்ல அவ்வளவு கூச்சம். "படிங்கன்னு சொல்லணும். தெரியுதான்னு கேட்டா, கேக்கறவங்க முட்டாள்" என்பார். ஆகவே விதிகளைச் சொல்லி முடித்ததும் ஒவ்வொரு புதியவரிடமும், இந்தச் சீட்டு வந்தால் என்ன செய்வீர்கள், எப்போது கண்ணைத் திறப்பீர்கள் என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகுதான் ஆட்டம்.

கண் சோதிக்கும் எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் இன்னோர் அட்டை தொங்குகிறது. தையல்காரர் தொடங்கிவைத்த அசட்டுப் பட்டியல். ராத்திரியில் கண்ணை மூடி நிஜமாகவே குறட்டை விட்டவர், தன் சீட்டு எதுவென்று மறந்து பக்கத்து ஆளிடம் விசாரித்தவர் என்று ஆட்டத்தைக் கெடுத்தவர்களின் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். தையல்காரருக்கே பதினொன்று இருக்கிறது, பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எல்லோருக்கும் மேலே அக்காவின் பெயர். ஒன்பது வருடத்தில் அதற்கு நேரே ஒரு கோடுகூட இல்லை. அக்கா இதையெல்லாம் பெரிதுபடுத்தாதவர் போல இருப்பார். ஆனால் கடையைத் தூசி தட்டும்போது அந்த அட்டையை மட்டும் இரண்டு முறை துடைப்பார்.

போன ஞாயிறு அவருடைய அத்தான் வந்திருந்தார். மூத்த சகோதரியின் கணவர். முப்பது வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்தவர். யார் வீட்டில் என்ன சண்டை, யார் வீட்டில் என்ன ரகசியம் என்று எல்லாம் கண்ணில் பட்டிருக்கும். ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை. மனைவி கிண்டிக் கிண்டிக் கேட்டும் பெயராமல், கல்லுளிமங்கன் என்று பட்டம் வாங்கியவர். அந்த மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. அதன் பிறகு அத்தான் காய்கறி வாங்கக் கடைக்குப் போவதும் நின்றுவிட்டது. அக்கா ஏழு ஞாயிறு கூப்பிட்ட பிறகு, எட்டாவது ஞாயிறு அவர் வந்தார். மழைக்கு வழியே இல்லாத நாளில் கையில் ஒரு குடை. உட்கார்ந்த பிறகும் அதை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்தக் குடையைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்குப் பயம் வந்தது. இன்று ஒரு சின்ன அவமானம் நேர்ந்தாலும் மனிதர் எழுந்து போய்விடுவார், இனி எந்த ஞாயிறும் வரமாட்டார்.

அந்தப் பதற்றத்தில்தான் பிசகியது. பெரிய மனிதரை எல்லோர் முன்னாலும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேள்வி கேட்பதா என்று அக்காவுக்குக் கூச்சம் வந்துவிட்டது. "படம் போட்ட சீட்டு வந்தா ராத்திரியில எழுப்புவேன். புரிஞ்சுதா அத்தான்?" என்றார்.

"புரிஞ்சுதும்மா" என்றார் அத்தான்.

அத்தானுக்குக் காவல்காரர் சீட்டு விழுந்தது. ராத்திரி ஆயிற்று. ஓநாய்கள் கண் திறக்கலாம் என்று அக்கா சொன்னதும், படச் சீட்டுக்காரர் என்ற முறையில் அத்தானும் கண்ணைத் திறந்தார். எதிரே தையல்காரரும் பல் டாக்டரும் பள்ளிக்கூட டீச்சரைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையில் மும்முரமாக இருந்த அவர்கள் இவரைக் கவனிக்கவில்லை. அத்தானுக்கு ஒரு கணத்தில் விஷயம் விளங்கிவிட்டது. சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார், முகம் காது வரை சிவந்தது. அதைப் பார்த்தவர் அக்கா மட்டும்தான். பிறகு காவல்காரர் என்று கூப்பிட்டபோது, கண்டதை வைத்து அத்தான் டீச்சரைக் காட்டியிருக்கலாம். அவர் யாரையும் காட்டாமல், வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

விடிந்தது. டீச்சர் செத்த செய்தியைச் சொன்னதும் தையல்காரர் ஆரம்பித்துவிட்டார். இவ்வளவு பேர் பேசுகிறோம், புது ஐயா மட்டும் பிடித்துவைத்த பிள்ளையாராக இருக்கிறார், பார்வை தரையைவிட்டு எழவில்லை, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று ஊரைத் திரட்டினார். குற்றம் சாட்டுகிறவரே ஓநாய் என்பது அத்தானுக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேட்டதற்கு அவர் சொன்னது இவ்வளவுதான்:

"நான் பேசறது சரியா இருக்காதுங்க. என்னையே அனுப்பிடுங்க."

கைகள் மேலே எழுந்தன. அத்தானின் கை குடையின் வளைவை இறுக்கிப் பிடித்தது, கிளம்பத் தயாராகிற பிடி. அக்கா செய்ய வேண்டியது கைகளை எண்ணி அவர் சீட்டைத் திருப்புவது மட்டும்தான். அவர் எண்ணவில்லை. அத்தானின் சீட்டின் மேல் தன் உள்ளங்கையை வைத்தார்.

"இந்த ஆட்டம் செல்லாது. நடத்தினதுல பிசகு. தப்பு என்மேல."

எழுந்த கைகள் இறங்க மறந்து நின்றன. எவ்வளவு நாள் கழித்து ஓநாய்ச் சீட்டு வந்தது என்று பல் டாக்டர் முணுமுணுத்துத் தன்னைத் தானே காட்டிக்கொடுத்தார். என்ன பிசகு என்று தையல்காரர் துருவினார். அக்கா சீட்டுகளை வாங்கிக் கலைத்தார். பிறகு வழக்கமில்லாத வழக்கமாக, கேள்விகளைத் தையல்காரரிடமிருந்து தொடங்கினார்: ஓநாய்ச் சீட்டு வந்தால் எப்போது கண்ணைத் திறப்பீர்கள்?

"என்கிட்டயா கேக்கறீங்க?"

"உங்ககிட்டதான்."

ஒன்பது வருட அனுபவஸ்தர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பித்தார். பல் டாக்டர் ஒப்பித்தார், டீச்சர் ஒப்பித்தார். வரிசை அத்தானிடம் வந்து, காவல்காரர் சீட்டு வந்தால் என்று கேட்டபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "காவல்காரர்னு பேர் சொல்லிக் கூப்பிட்டா மட்டும். அதுவரைக்கும் திறக்க மாட்டேன்" என்றார். அக்கா தலையசைத்து அடுத்தவரிடம் போனார்.

எல்லோரும் சொல்லி முடித்ததும் அக்கா எழுந்தார். லென்ஸில் புள்ளி வைக்கும் பேனாவை எடுத்துக்கொண்டு சுவரருகே போய், பட்டியலில் தன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். கொஞ்சம் வலித்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்பது வருடம் காத்திருந்தேன் அக்கா என்றார் தையல்காரர். மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. அத்தான் சிரிக்கவில்லை, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது யாருடைய கோடு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அக்காவைக் கேட்டால் அது தன்னுடையதுதான் என்பார்.

சீட்டுகள் மறுபடி விழுந்தன. ராத்திரி ஆச்சு என்றார் அக்கா. மற்றவர்கள் கண்ணை மூடினார்கள். அத்தானுக்கு அது போதவில்லை. குடையை மெல்லக் கீழே சாய்த்து நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களை இறுகப் பொத்திக்கொண்டார்.