மூன்று நீள மணி

நம்ப முடியாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்குக் கோபம் வராது. ஆனால் இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்துச் சொல்லத்தான் எனக்கு ஆசை, ஏனென்றால் இதில் குற்றவாளி நான்.

1957ஆம் ஆண்டு. பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கமாக ஏறிப் போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். நான் அங்கே கிளாக்கர். சாவகச்சேரியிலிருந்து வேலைக்கு வந்தவன். ஒபீசும் என் வீடும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நடுவில் ஒரு கதவு. வீட்டில் நானும் என் மனைவி யோகமலரும் மட்டும்.

எனக்கு ரேடியோப் பைத்தியம். பழைய செட்டுகளைப் பிரித்துப் பூட்டுவதுதான் பொழுதுபோக்கு. லுணுகலையில் பழைய சாமான் கடை வைத்திருந்த தாஸிம் நாநா, சண்டைக் காலத்துப் பட்டாளச் சாமான் எது வந்தாலும் எனக்கென்று எடுத்து வைப்பார். சாப்பாட்டு மேசையில் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்து ஈயம் உருக்குவேன்.

"நீங்கள் என்னைக் கட்டேல்லை. அந்தப் பெட்டியைத்தான் கட்டினீங்கள்" என்பாள் யோகமலர். பொய்யில்லை.

அந்த ஒக்டோபரில் ருஷ்யாக்காரர் வானத்தில் செயற்கைச் சந்திரனை விட்டார்கள். ஸ்புட்னிக். அது பூமியைச் சுற்றியபடி 'பீப்... பீப்...' என்று சத்தம் அனுப்புகிறது, சிற்றலை ரேடியோவில் பிடிக்கலாம் என்று பேப்பரில் வந்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. இந்த மலைநாட்டில் முதல் ஆளாக நான்தான் அதைக் கேட்க வேண்டும் என்று ஓர் ஆணவம்.

அதற்கு நீளமான ஏரியல் வேண்டும். தோட்டத்தில் அப்படி ஒரே ஒரு கம்பிதான் இருந்தது.

மேல் டிவிசனில், ஆட்களைக் காலையில் பெரட்டுக்கு நிறுத்தும் களத்தில், ஒரு தகரக் கொட்டில். அதற்குள் ஒரு டெலிபோன். அங்கிருந்து இரண்டு மைல் கம்பி மலையிறங்கி என் ஒபீசுக்கு வரும். அங்கே கைப்பிடியைச் சுற்றினால் இங்கே மணி அடிக்கும். ஒரு நீளம் என்றால் சாதாரணப் பேச்சு. மூன்று நீளம் என்றால் உயிர் ஆபத்து, தோட்டத்து வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சரை உடனே அனுப்பு என்று அர்த்தம். மூன்று நீளம் கேட்டால் டிஸ்பென்சர் வீட்டுக்கு ஓட வேண்டியது என் பொறுப்பு.

அந்தக் கம்பியில் நான் ஒரு சுவிட்சு பூட்டினேன். மேலே தள்ளினால் டெலிபோன். கீழே தள்ளினால் என் ரேடியோ. கீழே இருக்கும்போது மணி அடிக்காது. இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அரை மணித்தியாலத்தில் என்ன குடிமுழுகிப் போகிறது என்று நினைத்தேன்.

ஒக்டோபர் 19, சனிக்கிழமை. நல்ல மழை. மாலை ஐந்து நாற்பதுக்குச் சுவிட்சைக் கீழே தள்ளினேன். குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகினேன்.

சரியாக ஐந்து ஐம்பது.

கர்ர்ர்ர்ர்...

கர்ர்ர்ர்ர்...

கர்ர்ர்ர்ர்...

மூன்றும் ஒரே அளவு. மின்னலின் கரகரப்பு அப்படி வராது. ரேடியோ நோண்டும் எவனுக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, "சனியன் பிடிச்ச மின்னல்" என்று சொல்லிச் சத்தத்தைக் குறைத்தேன். மறுபடியும் மூன்று வந்தது. மறுபடியும் குறைத்தேன். 'பீப்' கடைசிவரை வரவே இல்லை. ஆறரைக்கு அலுத்துப்போய், சுவிட்சை மேலே தள்ளிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

எட்டு மணிக்கு மேல் டிவிசனிலிருந்து ஓர் ஆள் நனைந்துகொண்டு ஓடி வந்தான். பூவம்மா என்ற பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. "மணி சுத்தியாச்சு, டாக்டரையா வந்துருவாரு" என்று நம்பி இரண்டு மணித்தியாலம் காத்திருந்திருக்கிறார்கள். டிஸ்பென்சர் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

திங்கட்கிழமை, தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை விசாரித்தார். மேல் டிவிசன் காவல்காரன் வீரசிங்கம். கைப்பிடியைச் சுற்ற வேண்டியவன் அவன்தான். வயது ஐம்பது இருக்கும். சனிக்கிழமைகளில் கொஞ்சம் கள்ளுக் குடிப்பான். எல்லோருக்கும் அது தெரியும்.

"நான் சுத்துனேங்க. மூணு மூணா, கை வலிக்கச் சுத்துனேங்க. அன்னைக்கு ஒரு சொட்டுக்கூட குடிக்கலீங்க தொரை" என்றான்.

துரை என் பக்கம் திரும்பினார். மணி அடித்ததா என்று கேட்டார்.

"மணி அடிக்கவில்லை, சேர்" என்றேன்.

வார்த்தைக்கு வார்த்தை உண்மை. நான் வாழ்க்கையில் சொன்ன மிகப் பெரிய பொய்யும் அதுதான். சுவிட்சை அன்று விடியும் முன்பே கழற்றி ஒளித்துவிட்டேன். கம்பியைச் சோதித்தார்கள். மணி கணீரென்று அடித்தது. அப்புறம் யார் அவனை நம்புவார்கள்?

வீரசிங்கத்துக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்தார்கள். அந்தத் துண்டுக் காகிதம் கைக்கு வந்தால் தோட்டத்தில் வேலையும் இல்லை, லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் இல்லை. அதை எழுதியதும் என் கைதான்.

வெள்ளிக்கிழமை அவனும் மனைவி ராமலட்சுமியும் மூட்டையோடு ஒபீசைக் கடந்து போனார்கள். அவன் மட்டும் வாசலில் நின்றான்.

"ஐயா... ஒங்களுக்குக் கேக்கவே இல்லீங்களா?"

"இல்லை" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

அடுத்த நாள், ஒக்டோபர் 26, சனிக்கிழமை. ரேடியோவுக்கு வெறும் முற்றத்துக் கம்பிதான் ஏரியல். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து ஐம்பதுக்குப் பாட்டின் நடுவே வந்தது.

கர்ர்ர்ர்ர்... கர்ர்ர்ர்ர்... கர்ர்ர்ர்ர்...

வானத்தைப் பார்த்தேன். மழையில்லை. மின்னலில்லை.

நவம்பர் 2, சனிக்கிழமை. ஏரியலைப் பிடுங்கி, செட்டையும் அணைத்து வைத்திருந்தேன். குசினியிலிருந்து யோகமலர் சத்தம் போட்டாள்.

"இஞ்சேருங்கோ, அந்தக் கர்ர் சத்தத்தை நிப்பாட்டுங்கோ!"

"நிப்பாட்டித்தான் கிடக்கு" என்றேன். அவள் கையில் அகப்பையோடு வந்து செட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சுவர் மணிக்கூட்டில் ஐந்து ஐம்பத்தொன்று.

நவம்பர் 9. பற்றரியைக் கழற்றி வீட்டுக்குப் பின்னால் கோடியில் கொண்டுபோய் வைத்தேன். பற்றரி இல்லாத ரேடியோ வெறும் பலகைப் பெட்டி. ஆனாலும் அது கரகரத்தது. மூன்று முறை.

மறுநாள் செட்டைப் பெட்டகத்தில் பூட்டினேன். ரேடியோ ஆசையே விட்டுப் போயிற்று.

நவம்பர் 16. ஐந்து ஐம்பது. இந்த முறை ஒபீசுக்குள் டெலிபோன் மணியே அடித்தது. மூன்று நீளம். டிஸ்பென்சரை அழைத்துக்கொண்டு மூச்சிரைக்க மலையேறினேன். கொட்டிலுக்கு வெளியே பூட்டு. புதுக் காவல்காரன் எங்களை விசித்திரமாகப் பார்த்தான்.

"இங்க யாருக்கும் ஒன்னுமில்லீங்க. அஞ்சு மணிக்கே பூட்டிட்டேன். சாவி இந்தா இருக்கு" என்றான்.

டிஸ்பென்சர் என்மேல் எரிந்து விழுந்தார்.

நவம்பர் 23. சனிக்கிழமை.

ஐந்து நாற்பத்தைந்துக்கு நானே ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். டெலிபோனின் இரண்டு கம்பிகளையும் கழற்றினேன். இரண்டும் சுவரோரம் தொங்கின.

யோகமலர் நடுக்கதவில் நின்று பார்த்தாள்.

வெளியே மூடுபனி. மழையில்லை. காற்றில்லை.

ஐந்து நாற்பத்தொன்பது.

ஐந்து ஐம்பது.

ட்ர்ர்ர்ரிங்...

கம்பிகள் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

ட்ர்ர்ர்ரிங்...

ட்ர்ர்ர்ரிங்...

"எடுக்காதேங்கோ" என்றாள் யோகமலர்.

எடுத்தேன்.

முதலில் மழை. தகரத்தில் கொட்டுகிற மழை.

அதற்குப் பின்னால்... தூரத்தில்... ஒரு பெண் முனகினாள். "அம்மா... அம்மா..."

அதற்கும் அப்பால் வேறொரு குரல். நீளமாக இழுத்து... பள்ளிவாசல் பாங்கு. எங்கள் தோட்டத்தைச் சுற்றிப் பல மைலுக்குப் பள்ளிவாசலே கிடையாது.

பிறகு, காதுக்கு மிக அருகில், மூச்சு.

"ஐயா... கேக்குதுங்களா?"

ரிசீவரைக் காதோடு அழுத்தினேன்.

"ஐயா... நான் சுத்துறேங்க... கேக்குதுங்களா?"

"கேக்குது..." என்றேன். "அண்டைக்கும் கேட்டது, வீரசிங்கம். நீ சுத்தினாய். எனக்குக் கேட்டது. நான்தான்... நான்தான் எழும்பேல்லை."

மழை நின்றது.

முனகலும் நின்றது.

"சரிங்க ஐயா."

அவ்வளவுதான்.

நேரம் ஐந்து ஐம்பத்து மூன்று. யோகமலர் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னது அவளுக்கும் கேட்டிருந்தது. அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒன்றே ஒன்று கேட்டாள். "துரையிட்டை எப்ப சொல்லப் போறீங்கள்?"

"சொல்லுவன்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை சத்தம் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. இனித் துரையிடம் சொல்ல என்ன அவசரம் என்றுகூட நினைத்தேன்.

1958 பெப்ரவரியில் ஓர் அலுவலாக லுணுகலைக்குப் போனேன். தாஸிம் நாநாவின் கடை வாசலில், "ஐயா" என்று யாரோ கூப்பிட்டார்கள். ராமலட்சுமி. நெற்றியில் பொட்டு இல்லை. எனக்குப் புரிந்தது.

"காய்ச்சலுங்க. இங்க வந்து ஒரு மாசந்தான் இருந்தாரு" என்றாள். "நெனவே இல்லீங்க ஐயா. ஆனா சனிக்கிழம சாயந்தரம் ஆனா மட்டும் வலது கை ஆடும். டெலிபோன் சுத்துற மாதிரி, மூணு மூணா சுத்துவாரு. நானும் எங்க அண்ணனும் புடிச்சாக்கூட நிக்காதுங்க."

நான் கடை வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்ப செத்தவர்?" என்று கேட்டேன்.

"கார்த்திகை பொறந்து ஒரு வாரத்துல வந்த சனிக்கிழமைங்க. நாங்க இருந்த எங்க அண்ணன் லயத்துக்குப் பின்னாலதான் பள்ளிவாசல். பாங்கு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கை சுத்திக்கிட்டே இருந்தது, படக்குன்னு நின்னுச்சு. ஒரு மாசமா கண்ணு தொறக்காத மனுசன் என்னையப் பாத்துச் சிரிச்சாருங்க. 'ஐயாவுக்குக் கேட்டுச்சாம் புள்ள. நான் சுத்துனேன்னு ஐயா சொல்லிட்டாரு. இனிமே பத்துச்சீட்ட திருப்பி வாங்கிக்குவாங்க, நாம போயிறலாம்'னு சொன்னாரு. அப்புறம் மூச்சு இல்லீங்க."

அவள் இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்தாள். அதற்குள் நாலாக மடித்த காகிதம். என் கையெழுத்து.

"திருப்பிக் குடுக்கணும்னு பத்திரமா வச்சிருக்கேன். ஐயா தொரைகிட்டதானே சொன்னீங்க? நான் எப்ப மலைக்கு வரலாமுங்க?"

நான் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டேன். சொல்லி அனுப்புகிறேன் என்றேன்.

துரை சீமைக்குப் போகும்வரை, இன்னும் மூன்று வருடம், அதே ஒபீசில் அவருக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்தேன். சொல்லவில்லை. காகிதம் இன்றும் என் மேசை லாச்சியில் இருக்கிறது.