கேட்காமலே காட்டிய பை

பங்காருபேட்டைக்குப் போகும் காலை ரயிலில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், இவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைப்பேன். சிரிக்காவிட்டாலும் அதையேதான் நினைப்பேன். மூடிப்போன தங்கச் சுரங்கத்தில் செம்புக் கம்பி திருடி, இரண்டு வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன் நான். முப்பத்து நான்கு வயதில், பங்காருபேட்டை ஐ.டி.ஐ.யில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எலக்ட்ரீஷியன் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் ஒருத்தர் வீட்டுக்குள் என்னை வேலைக்கு விடுவார்கள்.

சேர்க்கை விண்ணப்பத்தில் அந்த இரண்டு வருஷத்துக்கு எதிரே 'பெங்களூருவில் வேலை' என்று எழுதியிருந்தேன். ஜெயிலில் தச்சு வேலை பார்த்தேன், முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் வாத்தியார் அந்தத் தாளைப் பார்த்த பார்வை சரியில்லை. என்னைவிட நாலு வயது சின்னவர், எங்கள் ஊர்க்காரர், மைசூர் மைன்ஸ் சுரங்கத்துப் பக்கம். சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒருவர் தும்மினால் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறாரோ? பக்கத்து பெஞ்சுப் பெண் தன் டெஸ்டரை எனக்கு இரவல் தருவாள். எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்துத்தான் அதைத் திருப்பிக் கொடுப்பேன்.

ஒருநாள் லேபில் வாத்தியார் அலமாரியைக் குடைந்துவிட்டு, "செம்பு வயர் சுருள் ஒண்ணு காணோமே" என்றார். அவர் யாரையும் பார்க்கவில்லை. நான் எழுந்து பையை மேஜைமேல் கவிழ்த்தேன். பேண்ட் பாக்கெட்டுகளை வெளியே இழுத்துவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கி, வாயையும் திறந்து காட்டினேன். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து மேலே வரும்போது, தங்கம் ஒளித்திருக்கிறாரா என்று பார்க்கும் சோதனைக்கு என் அப்பா தினமும் அப்படித்தான் நிற்பாராம். நான் ஜெயிலில் பழகினேன்.

"இன்னா அண்ணா, வயர வாயிலயா வெச்சிருப்பீங்க?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக அடங்கினார்கள். எந்த இடத்தில் இருந்து வந்தவன் இப்படி நிற்பான் என்று அவர்களுக்கும் புரிந்துவிட்டது. டெஸ்டர் தரும் பெண் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக என்மேலேயே கோபம் வந்தது.

சுருள் மத்தியான பேட்சின் மேஜையடியில் கிடைத்தது. வகுப்பு கலைந்ததும் வாத்தியார் கூப்பிட்டார்.

"உங்கள யாருங்க இப்ப கேட்டாங்க?"

"கேப்பீங்கன்னு நெனச்சேன் சார்."

"எனக்கு மொத நாளே தெரியும். தெரிஞ்சிதான் சேத்துக்கினேன்" என்றபடி அலமாரிச் சாவியை நீட்டினார். "நாளைலேந்து நீங்களே சாமான எடுத்துக் குடுங்க."

என்னை நம்பித் தந்தாரா, சோதிக்கத் தந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படிப்பு முடியும்வரை சாவி என்னிடம்தான் இருந்தது. ஒருநாளும் அலமாரியை நான் தனியாகத் திறக்கவில்லை. சாட்சிக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிடுவேன். அவளும் எதற்கு என்று ஒருமுறைகூடக் கேட்காமல் வந்து நிற்பாள்.