கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பவள்

எங்கள் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு பேர் வேலை செய்கிறார்கள். ஆஸ்பத்திரி விரிப்பு, விடுதி விரிப்பு என்று தினமும் ஆயிரம் உருப்படிக்குக் குறையாமல் வெளுத்து, தேய்த்து, மடித்து அனுப்புகிறோம். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஒரே ஒரு கரி இஸ்திரிப் பெட்டியோடு ஆரம்பித்து இவ்வளவையும் கட்டினேன். யார் தோளிலும் ஏறி மேலே வந்தவன் இல்லை. கன்னத்தக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் வாங்கிய இரண்டாவது பெட்டியைப் பிடித்தவள் அவள்தான்.

கன்னத்தக்கா என்பது பட்டப்பெயர். தேய்த்த விரிப்பில் ஈரம் மிச்சம் இருக்கிறதா என்று அவள் கையால் பார்க்க மாட்டாள். வருஷக்கணக்காகச் சூடு ஏறிய கைக்கு ஈரம் தெரியாது. விரிப்பை எடுத்துக் கன்னத்தில் ஒற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நொடி நிற்பாள். காய்ந்திருந்தால் மடிப்பு மேசைக்குப் போகும். இல்லையென்றால் தேய்த்தவன் தலையிலேயே வந்து விழும்.

மனிதர்களையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். லாரிக்குப் போன கணவன் திரும்பி வராதபோது, வந்துவிடுவான் என்று ஆறுதல் சொன்னவர்களிடம், "தேதி சொல்லுங்க" என்று கேட்டவள். இரண்டு வயது மகளை அழுக்குத்துணிக் கூடையில் தூங்க வைத்துவிட்டு இருபத்தாறு வருஷம் அந்த மேசைக்கு முன்னால் நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள்தான். என் கூடத்தில் வேலை நேரத்தில் யாருக்கும் இருக்கை கிடையாது. அவள் காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது எனக்குத் தெரியும். யாராவது வாய் திறந்தால் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "நான் நின்னு வளர்ந்தவன்."

அந்த மகள் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாடகக் குழுவோடு சேர்ந்து சுற்றுகிறாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் திடலில் கயிறு கட்டிப் படங்களை மாட்டுவார்கள், நாடகம் போடுவார்கள், பிறகு நீதி, சமத்துவம் என்று வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். நுழைவுச்சீட்டு கிடையாது, உண்டியல் கிடையாது, கட்சிக் கொடியும் கிடையாது. ஒன்றுமே வேண்டாம் என்று ஒரு கூட்டம் வெயிலில் நின்று கத்தினால் எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிடும்.

ஒரு நாள் எங்கள் வண்டிக்காரன் வந்து காதைக் கடித்தான். அடுத்த ஞாயிறு நாடகம் ஒரு சலவைக்கூடத்தைப் பற்றியதாம். ஒத்திகையை எட்டிப் பார்த்திருக்கிறான். அதில் வரும் முதலாளி யாரையும் உட்கார விடமாட்டானாம். கேட்டால், "நான் நின்னு வளர்ந்தவன்" என்பானாம்.

என் வாயிலிருந்து வந்த வார்த்தை. அது திடலுக்கு எப்படிப் போகும்? நடந்து போகாது, யாரோ தூக்கிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும். மகள் அங்கே, அம்மா இங்கே.

நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளே கன்னத்தக்காவை மடிப்பு மேசையிலிருந்து எடுத்து அழுக்குப் பிரிக்கும் அறைக்கு அனுப்பினேன். ஆஸ்பத்திரித் துணியை ரத்தம் வேறு, மருந்து வேறு என்று பிரிக்கிற இடம் அது. பழகினவர்கள்கூட மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அவளும் காரணம் கேட்கவில்லை. கேட்காததே என் சந்தேகத்துக்கு உரம் போட்டது. குற்றமில்லாதவள் என்றால் சண்டைக்கு வந்திருக்க மாட்டாளா? நாடகத்தை என் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் வேலையை விட்டு நின்றுகொள் என்று சொல்லிவிடுவதாக முடிவு கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை திடலுக்குப் போய், ஓரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கன்னத்தக்கா மூன்றாவது வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். குழுவை நடத்துகிற கண்ணாடிக்காரப் பெண் ஒரு விதியைச் சொன்னாள். நாடகத்தில் எந்த இடம் தப்பு என்று தோன்றினாலும், யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லலாம். சொன்னவர் மேலே வந்து அதை மாற்றி நடித்துக் காட்ட வேண்டும்.

முதலாளியாக வந்தவனுக்குத் தொப்பை வைத்துக் கட்டியிருந்தார்கள். எனக்குத் தொப்பை கிடையாது, அறுபத்தெட்டு வயதிலும். அவன், "நான் நின்னு வளர்ந்தவன்" என்றான். என் காது சூடேறியது. அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு துணிக்கடைப் பெண் எழுந்தாள். "எங்க கடை ஓனரைப் பாத்தா எழுதுனீங்க? டெய்லி இதான் சொல்றாரு," என்றாள். அச்சாபீஸில் வேலை பார்க்கிறவன் ஒருவன், எங்கள் ஆளும் இதேதான் என்றான். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நானே யோசித்துச் சொன்னது என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த வார்த்தை, ஊரில் பாதி முதலாளிகள் வாயில் கிடந்திருக்கிறது.

சரி, வார்த்தை போகட்டும், மற்றது? என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொழிலாளியாக நடித்த பெண் ஒரு பெரிய விரிப்பை எடுத்தாள். நடுவைத் தாடையில் இடுக்கிக்கொண்டு தனியாளாக, வீட்டில் மடிப்பதுபோல மடித்தாள்.

"நிறுத்து."

கன்னத்தக்காவின் குரல்தான். எல்லோரும் கை தட்டினார்கள், முதலாளியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கப் போகிறாள் என்று. தொப்பைக்காரன் மீசையை முறுக்கித் தயாரானான். அவள் அவனைத் தாண்டிப் போய் விரிப்பை வாங்கினாள். கன்னத்தில் ஒற்றினாள்.

"இது ஈரம்மா. ஈரத்தோட மடிச்சா ராத்திரிக்குள்ள நாத்தம் எடுத்துரும். அப்புறம் இதைத் தனியாளா மடிக்கவே கூடாது. வெளுத்த துணி கோணிக்கிட்டு வரும். மூலைக்கு மூலை இழுத்து நேராக்கிட்டுத்தான் மடிக்கணும். அந்தப் பக்கம் பிடி பாப்போம்."

அந்தப் பெண் பிடித்தாள். இழுக்கத் தெரியவில்லை, கையை விட்டுவிட்டாள். கன்னத்தக்கா கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு தூணைப் பார்த்தாள்.

"அண்ணே, ஒளிஞ்சு நின்னது போதும். வந்து இந்த மூலையைப் பிடிங்க."

போனேன். என்னைவிட நன்றாக விரிப்பை இழுக்கத் தெரிந்தவன் அந்தத் திடலில் எவனும் இல்லை, போகாமல் என்ன செய்வது? குறுக்காக ஒரு இழுப்பு, மாற்றி ஒரு இழுப்பு. விரிப்பு படீரென்று நேரானது. விரிப்பு மடிப்பதில் ஒன்று உண்டு. ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டு பேரும் கிட்டே வந்து மூலையைக் கை மாற்ற வேண்டும். முதல் தடவை கிட்டே வந்தபோது அவள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அழுக்கு ரூமுக்கு எதுக்கு அனுப்புனீங்கன்னு ஒரு வாரமா யோசிச்சேன். இதுக்குத்தானா?"

மூலையை வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். இரண்டாம் மடிப்பு.

"நான் சொல்லிக் குடுத்திருந்தா அந்தப் புள்ள இப்படியா மடிச்சிருக்கும்?"

அதைத்தான் தூணுக்குப் பின்னால் நானும் நினைத்தேன். என்னைக் காட்டிக்கொடுக்கிறவளாக இருந்தாலும் இருப்பாளே தவிர, வேலையைத் தப்பாகக் காட்டிக்கொடுக்கிறவள் இல்லை. மூன்றாம் மடிப்பில் கேட்டாள்:

"நாளைக்கு நான் எங்க நிக்கணும்?"

"உன் மேசைக்கு வா" என்றேன்.

கண்ணாடிக்காரப் பெண் ஒலிபெருக்கியை நீட்டி, ஐயா யார் என்று கேட்டாள். இருபத்தாறு வருஷமாக இந்த அம்மாவோடு துணி மடிக்கிறவன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அந்தக் குழுவுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்கும் வரை ஒரு கண் வைத்துத்தான் இருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மடிப்பு மேசையில் நிற்கிற எட்டு பேருக்கும் முக்காலி வாங்கிப் போட்டேன். நாடகம் சொல்லிப் போட்டது இல்லை, நானாகப் போட்டது. எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். கன்னத்தக்கா மட்டும் தன்னுடையதைக் கவிழ்த்து, ஒவ்வொரு காலாக ஆட்டிப் பார்த்தாள்.

"ஆபீசர் யாராவது பாக்க வர்றாங்களாண்ணே?"

"யாரும் வரலை."

"அப்ப எத்தனை நாளைக்கு?"

எப்போதைக்கும் என்றேன். என் முகத்தையே ஒரு நொடி பார்த்துக்கொண்டு நின்றாள், விரிப்பை ஒற்றும்போது நிற்பாளே, அதே நொடி. பிறகு உட்கார்ந்தாள். நான்கு மாதம் ஆகிறது. இன்றைக்கும் அவள் முக்காலியின் ஓரத்தில்தான் உட்கார்கிறாள்.