பாதியில் பாதி

வாழைத்தார்களுக்குப் போடும் புகையின் வாசனை அப்பாவின் சட்டையில் எப்போதும் இருக்கும். திண்டுக்கல்லில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த அவர், தானாகப் பழுத்தால் ஒரு வாரம் ஆகிற தாரை அறையில் அடைத்து "மூட்டம்" போட்டு இரண்டாம் நாளே மஞ்சளாக்கிவிடுவார். எதையும் சூடேற்றி அவசரப்படுத்தலாம் என்று அவர் நம்பியதில் ஆச்சரியம் இல்லை.

அம்மாவுக்குத் தைராய்டில் புற்றுநோய் வந்து, மதுரையில் அறுவை செய்து, பிறகு கதிரியக்க அயோடின் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியபோது எனக்குப் பத்து வயது. அப்போதுதான் பால் மறக்கடித்திருந்த தம்பிக்கு நடைகூட வரவில்லை. மூன்று வாரம் குழந்தையைப் பக்கத்தில் விடாதீர்கள், அதன்பிறகு பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பியை வேடசந்தூரில் பிள்ளையில்லாத சித்தி வீட்டுக்கு அனுப்பினோம். அம்மா பின்னறையில் தனித் தட்டு, தனித் தம்ளரோடு இருந்தாள். நான் வாசலில் நின்றே பேசிவிட்டு வருவேன்.

அந்த அறையைச் சூடாக வைத்தால் மருந்து சீக்கிரம் போய்விடுமா என்று, பன்னிரண்டாம் வகுப்பு படித்த அக்காவிடம் அப்பா கேட்டார். காய் பழுப்பதும் மாவு புளிப்பதும் வேதிவினை, சூடு ஏறினால் வேகமும் ஏறும். இது அணுவின் உட்கருவில் நடப்பது, அடுப்பில் வைத்தாலும் ஐஸில் வைத்தாலும் எட்டு நாளைக்குப் பாதி என்ற கணக்கு மாறாது என்றாள் அக்கா. அடுத்த எட்டு நாளில் மிச்சத்தில் பாதி, அப்புறம் அதிலும் பாதி.

"அப்ப எப்பத்தான்மா முழுசாத் தீரும்?"

"கணக்குப்படி முழுசாத் தீராதுப்பா. பாதி பாதியாக் குறைஞ்சுக்கிட்டே இருக்கும்."

பெரும்பகுதி உடம்பிலிருந்து முன்னமே வெளியேறிவிடும், மிஞ்சுவதால் ஒன்றும் ஆகாது என்று அவள் தொடர்ந்து சொன்னது அப்பாவின் காதில் ஏறவில்லை. தீராது என்பதையே பிடித்துக்கொண்டார். மூன்று வாரம் முடிந்து அம்மா பிள்ளையைக் கேட்டபோது இன்னும் கொஞ்சம் பொறு என்றார். கிறிஸ்துமஸ் போய் ஈஸ்டரும் வந்தது. அம்மா சண்டை போட்டாள், பட்டினி கிடந்தாள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று அப்பா கேட்கும்போது மட்டும் அடங்கிப்போவாள். மறுபரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டர் அப்பாவைத் திட்டிய பிறகுதான் வேடசந்தூருக்குத் தகவல் போனது.

தம்பி நடந்தே வீட்டுக்குள் வந்தான். "அப்பு, அம்மாட்ட வாடா" என்று அம்மா கைகளை நீட்டினாள். அவன் சித்தியின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அலறினான். அம்மா நீட்டிய கையை ரொம்ப நேரம் மடக்கவே இல்லை. போகப் போகப் பழகிவிடுவான் என்று எல்லோரும் சொன்னார்கள். பழகவும் செய்தான், ஆனால் விழுந்து அடிபட்டால் அவன் தேடியது சித்தியைத்தான். பயத்தில் செய்தார் என்று தெரிந்தும் அப்பாமேல் எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மண்டி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. அந்த நோய் திரும்பாமலே நெடுநாள் இருந்த அம்மா, போன மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது தம்பி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்:

"எனக்கு அழுகையே வரமாட்டேங்குதுக்கா."

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.