வெட்டப்பட்ட வாக்கியத்தின் மீதி

2019 ஜனவரி 11, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பிஜித் தீவின் புலிலேகாவில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கரும்பாலை ஓய்ந்திருந்த மாதம் அது. தகரக் கூரையின் ஓசைக்குள் வீடு மெல்ல மிதப்பதுபோல் இருக்க, அப்பாவின் கைபேசி ஒருமுறை ஒளிர்ந்தது.

ஆக்லாந்திலிருந்து பெரியப்பா குடும்பக் குழுவில் ஒரு படம் அனுப்பியிருந்தார். எங்கள் வட்டாரத்துக்கு வெளியே யாரும் அறியாத ஓர் அரசியல்வாதியின் முகம். அருகில் சிவப்பு எழுத்தில், ‘இந்தியர்கள் கப்பல் ஏறட்டும்.’ போன வாரம் மைதானக் கூட்டத்தில் பேசியதாம்.

எங்கள் வீட்டில் பேச்சு பிஜி இந்தி. கோபமும் கேலியும் மட்டும் தமிழ். அப்பா தமிழில் சொன்னார்:

“நாளைக்கு நான் போகல.”

மறுநாள் காலை அவர் பக்கத்துக் கிராமத்துக்குப் போவதாக இருந்தது. எங்கள் கரும்பு நிலம் அந்தக் கிராமத்துப் பூர்வகுடிக் குலத்தாருடையது. குத்தகை அந்த ஆண்டோடு முடிகிறது. இடித்துக் கரைத்துக் குடிக்கும் நங்கோனா வேர்க்கட்டை, வழக்கப்படி காணிக்கையாக அவர்கள் முன் வைத்து, இன்னொரு முறை நிலத்தைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நிலமும் அதன்மேல் நிற்கும் வீடும் போய்விடும். செய்தித்தாளில் சுற்றிய வேர்க்கட்டு மேசைமேல் தயாராக இருந்தது. அப்பா அதை எடுத்து அரிசி டிரம்மின் மேல் போட்டார்.

“அண்ணன் அப்பவே சொன்னாரு, எல்லாத்தையும் விட்டுட்டு வான்னு.”

நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். யார் சொன்னது, யாரிடம், எதற்கு முன்னும் பின்னும் என்று கேட்காமல் ஒரு வரியை நம்பக் கூடாது என்பதே தலைநகர் சுவாவில் நான் படித்துக்கொண்டிருந்த இலக்கியம் எனக்குப் பழக்கியிருந்தது. படத்தில் அந்த மனிதருக்குப் பின்னால் மூலை கிழிந்த நீலத் தார்ப்பாய் தெரிந்தது. இணையத்தில் தேடியபோது, யாரோ கைபேசியில் எடுத்துப் போட்டிருந்த நீண்ட பதிவு ஒன்றில் அதே கிழிசல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

பேச்சு முழுவதும் பிஜிய மொழி. பிறந்ததிலிருந்து வேலிக்கு அப்பால் கேட்டுவரும் மொழியில் எனக்கு வணக்கம் மட்டுமே தெரியும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். மழையும் அந்தக் குரலும் ஒன்றாகி, நீருக்கடியில் யாரோ பாடுவதுபோல் இருந்தது. கூட்டம் ஆரவாரித்த இடத்துக்குச் சற்று முன்னால் மட்டும், நீரிலிருந்து ஒரு கல் மேலே வந்ததுபோல், ஆங்கிலத்தில் ஓர் ஆண்டு: நைன்டீன் எய்ட்டி செவன். இந்தியர் ஆதரவோடு வந்த அரசை ராணுவம் முதன்முதலாகக் கவிழ்த்த ஆண்டு. படத்தில் அது இல்லை.

பொருள் கேட்க எனக்குத் தெரிந்தவர் ஒருவரே. வேலிக்கு அப்பால் வசிக்கும் மராமா, அதே குலத்துப் பெண். அந்த வரி உண்மையானால் அவரை நான் அவமதிக்கிறேன், பொய்யானாலும் அவமதிக்கிறேன். குடையோடு வேலியருகே வெகுநேரம் நின்றேன்.

“என்ன, மழைய அளக்கிறியா?” என்று தன் கொட்டகையிலிருந்து மராமா இந்தியில் கேட்டார். மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். “உள்ள வா, லுவேங்கு.” லுவேங்கு என்றால் என் பிள்ளை.

படத்தைக் காட்டினேன். பதிவை ஓடவிட்டேன். அவர் கையிலிருந்த கத்தி நின்றது.

“இந்த ஆளா? நங்கோனா சட்டி காலியாகிற வரைக்கும் பேசுவான்,” என்று சிரித்தவர், அந்த இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்தினார். இரண்டாம் முறை கேட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

“இந்தியர்கள் கப்பல் ஏறட்டும்னு எண்பத்தேழுல நானும் கத்தினேன். இன்னிக்கும் அது என் காதுல கேக்குது. இனிமே அதைச் சொல்றவன் என் பாயில உக்கார வேண்டாம்.”

பிறகு கேட்டார்: “இது எப்ப வந்தது?”

“மூணு மணிக்கு.”

“ரெண்டு மணிக்குத்தானே உங்க அம்மாகிட்ட கறி மசாலா வாங்கிட்டு வந்தேன்! ஒரு மணி நேரத்துல நான் யாரோ ஆயிட்டேனா?”

வேகவைத்த கிழங்கில் ஒரு துண்டை என் கையில் வைத்தார்.

அப்பாவிடம் முழு வாக்கியத்தையும் சொன்னேன்.

“அப்ப, சொல்லியிருக்கான்.”

“சொல்லியிருக்கார், அப்பா. எண்பத்தேழுல.”

“எண்பத்தேழுல நானும் கேட்டேன். ரோட்டுல, என் மூஞ்சிக்கு நேரா. அண்ணன் டிக்கெட் எடுத்தது அதுக்கப்புறம்தான்.”

வாழைத்தோப்பிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் கிளம்பி, ஈர வானத்தில் ஓசையில்லாமல் போயின. ஒரு பதிவைச் சரிபார்க்கலாம். அவர் முகத்துக்கு நேராக வந்த குரலை நான் எங்கே சென்று சரிபார்ப்பது?

“கத்தினவன் தான் கத்தினதை ஊருக்கு நடுவுல ஒத்துக்கிட்டானா?” அப்பா கேட்டார்.

“ஆமாம்.”

“உங்க பெரியப்பா நம்ப மாட்டாரு. அவன் சொன்னதே இல்லன்னு எழுதிடாத, சண்டைக்கு வருவாரு. படிச்ச பொண்ணாச்சே, நீயே பாத்து எழுது.”

அன்றிரவு வேர்க்கட்டு அரிசி டிரம்மின் மேலேயே கிடந்தது.

மறுநாள் காலை குடும்பக் குழுவில் எழுதினேன். முதலில், ஆம், அவர் சொன்னார் என்று. பின் எந்த ஆண்டில் என்று. பின் மீதி வாக்கியத்தை, மராமா சொன்ன வரிசையிலேயே. பெரியப்பாவின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அரிசி டிரம்மின் மேலிருந்த வேர்க்கட்டை எடுத்தேன். செய்தித்தாள் ஈரத்தில் நைந்திருந்தது. புதிய தாளில் சுற்றிக் கட்டினேன். அப்பா பூப்போட்ட சட்டையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே வந்து பார்த்தார்.

“முடிச்சு தளர்ச்சியா இருக்கு.”

அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன். நனைந்த கரும்பு வரப்பில் அவருக்குப் பின்னால் நடந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மராமா கிராமத்துக்குப் புறப்பட்டவராகக் குடையோடு நின்றிருந்தார். அங்கே வேர்க்கட்டை அப்பாவின் கையில் கொடுத்தேன்.